மகன் தடுப்பூசி ஆய்வில் சேரலாமா? சாட்ஸ்வொர்த் தாயின் கடிதத்துக்கு மருத்துவர் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து 61 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதம் நீளமானது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

இவருடைய கணவர் 2021 ஜனவரியில், இரண்டாம் அலையின்போது, கோவிட்டால் இறந்தார். காய்ச்சல் கண்டு முதல் ஆறு நாள் அவரை வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்ற பயம். தெருவில் ஒருவர் வாங்கித் தந்த ஐவர்மெக்டினை, மாட்டுக்குக் கொடுப்பதை, இவர் கையாலேயே அளந்து கொடுத்திருக்கிறார். ஆறாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தபோது ஆக்சிஜன் அளவு 82. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் கழித்து உயிர் போனது. மிச்சமிருந்த மருந்துப் புட்டி இன்னும் சமையலறை அலமாரியில், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது இவருடைய 26 வயது மகனை, டர்பனில் ஓர் ஆய்வு மையம் புதிய எம்ஆர்என்ஏ தடுப்பூசி (கிருமியின் ஒரு பகுதியைச் செய்யும் குறிப்பை உடம்புக்குக் கொடுக்கும் வகை) ஆய்வில் சேர அழைத்திருக்கிறது. மகனுக்கு ஒப்பந்த வேலை, அதுவும் இரண்டு மாதத்தில் முடிகிறது. அவன் சேர ஆசைப்படுகிறான். குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியம்மா, சித்தப்பா எல்லோரும் "சோதனை எலி ஆகப் போகிறானா?" என்று கேட்கிறார்கள். பத்து மாதத்தில் கோவிட் தடுப்பூசி எப்படி வந்தது? ஒரு மில்லியன் ஊசியை வாங்கிவிட்டு நம் அரசு ஏன் தூக்கிப் போட்டது? பாதிப் பேருக்கு வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றி ஏமாற்றுவார்களாமே? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? "நான் கையெழுத்துப் போடாவிட்டால் இது நிற்குமா?" இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசி வரியில் இப்படி முடிக்கிறார்: "நான்தான் அவரைக் கொன்றேனா, டாக்டர்?"

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மகனைப் பற்றிய உங்கள் கேள்விகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

இல்லை. நீங்கள் கொல்லவில்லை. ஆறு நாள் தாமதம் அவருக்கு நல்லது செய்யவில்லை என்பது உண்மைதான். அதை நான் மறைத்தால் மற்ற எதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆனால் அந்த ஜனவரியில் எங்கள் கையில் என்ன இருந்தது என்பதையும் கேளுங்கள். ஆக்சிஜன் இருந்தது, அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் மருந்து இருந்தது, நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்கும் பழக்கம் இருந்தது. உயிரைக் காக்கும் என்று உறுதியாகத் தெரிந்த மருந்து டெக்சாமெத்தசோன் ஒன்றுதான். பிரிட்டனில் நடந்த ரிக்கவரி ஆய்வு 2020 ஜூனில் அதைக் கண்டுபிடித்தது. செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களில் அந்த மருந்து இல்லாமல் 100-க்கு 41 பேர் இறந்தார்கள், மருந்தோடு 29 பேர். பெரிய முன்னேற்றம்தான். அப்படியும், எல்லாம் சரியாகச் செய்தும் 29 பேர் போனார்கள். முதல் நாளே கொண்டு வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எந்த மருத்துவரும் உங்களுக்குச் சத்தியம் செய்ய முடியாது. அன்று சேர்க்கை வார்டில் நின்றவள் நான். கதவுக்கு வெளியே வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஐவர்மெக்டின் விஷயத்துக்கு வருகிறேன். அது நல்ல மருந்து, ஒட்டுண்ணிகளுக்கு. 2020-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில், தட்டில் வளர்த்த செல்களில் அது வைரசை அடக்கியது. செய்தி பரவியது. ஆனால் அந்தத் தட்டில் பயன்படுத்திய செறிவு, மனிதன் வழக்கமான அளவில் சாப்பிட்டு ரத்தத்தில் எட்டக்கூடியதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த நேரத்தில் நம் நாட்டிலேயே குழப்பம். மருந்து ஒழுங்குமுறை ஆணையமான சாப்ரா, 2021 ஜனவரி கடைசியில், கட்டுப்பாட்டோடு கருணை அடிப்படையில் அதைக் கொடுக்க வழி திறந்தது. ஆணையமே தடுமாறிய மாதத்தில் நீங்கள் எப்படித் தெளிவாக இருந்திருக்க முடியும்? தெளிவான பதில் 2022-இல்தான் வந்தது. பிரேசிலில் 1,358 நோயாளிகளைச் சமமாகப் பிரித்து, 679 பேருக்கு ஐவர்மெக்டினும் 679 பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 100 பேரும் எடுக்காதவர்களில் 111 பேரும் ஆஸ்பத்திரி வரை போனார்கள். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது.

மாட்டு மருந்து ஆபத்தானது, அளவு தப்பினால் நரம்பைப் பாதிக்கும். உங்கள் கணவரை அதுதான் கொன்றது என்பதற்கு உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறியும் இல்லை. அது செய்த கெடுதல் வேறு. ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஆறுதலைக் கொடுத்து ஆறு நாளைத் தின்றது. டெக்சாமெத்தசோனைச் சீக்கிரமே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள், அதனால் ஜூனிலேயே விடை கிடைத்தது. ஐவர்மெக்டினை ஆளாளுக்கு நம்பிக்கையின் பேரில் கொடுத்தார்கள், விடை வர இரண்டு வருடம் ஆனது. நடுவில் உங்களைப் போல எத்தனையோ பேர் இருட்டில் அளந்து கொடுத்தார்கள். உங்கள் மகனை அழைத்திருப்பது இந்த மாதிரி ஒரு விடையைக் கண்டுபிடிக்கத்தான்.

பத்து மாதத்தில் எப்படி?

எதையும் தாண்டிக் குதிக்கவில்லை அம்மா. வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதை ஒரே நேரத்தில் செய்தார்கள். சாதாரணமாக ஒரு நிறுவனம் முதல் கட்டத்தை முடித்து, காசு திரட்டி, இரண்டாம் கட்டத்துக்கு அனுமதி கேட்டு, அப்புறம் தொழிற்சாலை கட்டும். இந்த முறை தடுப்பூசி வேலை செய்யுமா என்று தெரியும் முன்பே அரசுகள் பணத்தைக் கொட்டி ஆலைகளை ஓட விட்டன. தோற்றால் பணம்தான் நஷ்டம். அந்த ஆபத்தைப் பணம் ஏற்றுக்கொண்டது, உடம்பு அல்ல.

அடித்தளமும் பழையது. எம்ஆர்என்ஏவை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்காதபடி மாற்றும் வழியை காட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005-இலேயே எழுதிவிட்டார்கள். 2023-இல் நோபல் பரிசு வாங்கியது அதற்குத்தான். வைரசின் மேலுள்ள முள் போன்ற புரதத்தை எப்படி அசையாமல் பிடித்து வைப்பது என்பதை, அதன் உறவுக்கார வைரசான மெர்ஸை வைத்து முன்பே கற்றிருந்தார்கள். 2020 ஜனவரியில் புதிய வைரசின் மரபணு வரிசை வெளியானதும், மார்ச் 16 அன்று முதல் மனிதருக்கு ஊசி போட முடிந்தது இதனால்தான்.

இன்னொரு காரணம் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நோய் எங்கும் பரவிக் கிடந்ததால் விடை வேகமாக வந்தது. ஃபைசர் ஆய்வில் ஏறத்தாழ 44,000 பேர். அதில் 170 பேருக்கு நோய் வந்ததும், யாருக்கு எந்த ஊசி போட்டது என்ற கணக்கைத் திறந்தார்கள். தடுப்பூசி போட்டவர்கள் 8 பேர், போடாத பக்கத்தில் 162 பேர். அமைதியான காலமாக இருந்தால் அந்த 170-ஐ எண்ணி முடிக்க வருடக்கணக்கில் ஆகியிருக்கும்.

அந்த ஒரு மில்லியன் ஊசி

தூக்கிப் போடவில்லை. ஆஸ்ட்ராசெனிக்கா தடுப்பூசி 2021 பிப்ரவரி 1 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் வந்து இறங்கியது. ஆறு நாள் கழித்து அரசு அதை நிறுத்தி வைத்தது. பிறகு மற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு விற்றுவிட்டது. இடையில் நடந்தது இதுதான். 2020 டிசம்பரில் நம் டர்பனின் கிரிஸ்ப் ஆய்வுக்கூடம் வைரசின் புதிய உருமாற்றம் ஒன்றை முன்னின்று கண்டுபிடித்தது. அது பின்னர் பீட்டா என்று பெயர் பெற்றது. உங்கள் வீட்டைத் தொட்ட அலையில் ஓடியதும் அதுதான். அதே ஆஸ்ட்ராசெனிக்கா தடுப்பூசியை, தடுப்பூசி ஆய்வாளர் ஷபீர் மதி தலைமையில் 2020 ஜூன் முதல் நம் நாட்டிலேயே சுமார் 2,000 பேரிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கைத் திறந்தபோது தடுப்பூசி போட்ட 750 பேரில் 19 பேருக்கும், போடாத 717 பேரில் 23 பேருக்கும் நோய் வந்திருந்தது. பாதுகாப்பு 22 சதவீதம்கூட இல்லை.

அரசின் முடிவு சரியா? இன்றும் எனக்கு உறுத்துகிறது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் இளைஞர்கள். யாருக்கும் நோய் முற்றவில்லை. லேசான நோயைத் தடுக்கவில்லை என்றுதான் அது சொன்னது. வயதானவர் சாவதைத் தடுக்குமா என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே பிப்ரவரியில், உருமாற்றம் பரவும் நாடுகளிலும் இதைப் போடலாம் என்றுதான் பரிந்துரைத்தது. நம் தாத்தா பாட்டிகளுக்காவது போட்டிருக்கலாமோ என்று நினைப்பேன். ஆனால் அதை நிறுத்திய பத்தே நாளில், பிப்ரவரி 17 அன்று, ஜான்சன் தடுப்பூசியைக் கொண்டு சுகாதாரப் பணியாளர்களுக்கான சிசோங்கே திட்டம் தொடங்கியது. அந்தத் தடுப்பூசியை இந்த மண்ணில், இந்த உருமாற்றத்துக்கு எதிராகவே சோதித்திருந்தார்கள் என்பதால்தான் அவ்வளவு நம்பிக்கையோடு தொடங்க முடிந்தது. சிசோங்கேயில் ஊசி போட்டுக்கொண்ட ஏறத்தாழ 4,77,000 சுகாதாரப் பணியாளர்களில் நானும் ஒருத்தி. ஏப்ரலில் ரத்தம் உறையும் அரிய பக்கவிளைவு அமெரிக்காவில் தெரிய வந்ததும் திட்டத்தை இரண்டு வாரம் நிறுத்தி, பார்த்து, மறுபடி தொடங்கினார்கள். நிறுத்தியது எனக்குப் பயத்தைத் தரவில்லை. யாரோ கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியத்தைத்தான் தந்தது.

உங்கள் உறவினர்களின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டின் கெபேஹா நகரில் புட்டிகளில் நிரப்பிய ஜான்சன் தடுப்பூசி, இங்கே ஊசி கிடைக்காமல் தவித்த 2021-இல், ஐரோப்பாவுக்குப் போனது. நம் கையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு நாமே வரிசையில் கடைசியாக நின்றோம். அந்தக் கோபத்தை ஒப்பந்தம் போட்டவர்கள் மீது காட்டுங்கள். ஆய்வில் சேராமல் இருப்பது அதற்குப் பதில் ஆகாது. இங்கே ஆய்வு நடந்திருக்காவிட்டால், வேறு நாட்டில் வேறு உருமாற்றத்துக்கு எதிராக வந்த முடிவை வைத்துக்கொண்டு நாம் கண்ணைக் கட்டி நடந்திருப்போம்.

"வெறும் தண்ணீர்" ஊசி

ஏமாற்று என்றால் தெரியாமல் செய்வது. இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். படிவத்திலேயே இருக்கும்: உனக்குத் தடுப்பூசி விழலாம், உப்பு நீரோ வேறு தடுப்பூசியோ விழலாம், சீட்டுக் குலுக்கிப் போடுவது போலக் கணினி முடிவு செய்யும், எது என்று உனக்கும் தெரியாது, உன்னைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

எனக்கு உண்மையிலேயே தெரியாது அம்மா. நானே சில வருடம் இந்த வேலை செய்தவள். ஊசி மருந்து தயாரிக்கும் அறை தனி. அங்கிருந்து தட்டில் வரும் ஊசிக்குழாயைச் சுற்றி ஒளி புகாத பட்டை ஒட்டியிருக்கும். தடுப்பூசி கொஞ்சம் கலங்கலாக இருக்கும், உப்பு நீர் தெளிவாக இருக்கும், அது கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. போட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார வைப்போம். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தெர்மாமீட்டரும், ஒரு சின்ன அளவுகோலும், ஒரு அட்டையும் கொடுப்போம். ஊசி போட்ட இடம் சிவந்தால் எத்தனை சென்டிமீட்டர் என்று தினமும் இரவில் அளந்து எழுத வேண்டும். அந்த அட்டைகளை விதவிதமான கையெழுத்தில் வாங்கிப் படித்திருக்கிறேன். யாரையும் நாங்கள் வைரசுக்குக் காட்டுவதில்லை. அவரவர் வாழ்க்கையை அவரவர் வாழ்கிறார்கள். உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் ஒரே கவனிப்பு.

மகனுக்கு உள்ள உரிமைகள்

முதலில், உங்கள் கையெழுத்து தேவையில்லை. 26 வயது ஆணுக்கு அம்மா சம்மதம் கேட்க மாட்டார்கள். நீங்கள் மறுத்தாலும் சட்டப்படி அது நிற்காது. ஆனால் அவன் விரும்பினால் நீங்கள் கூடவே போய் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். படிவம் ஆங்கிலத்திலும் இசிசூலுவிலும்தான் இருக்கும். தமிழில் உங்களுக்குச் சொல்லிக் காட்டும் வேலையை அவனுக்கே கொடுங்கள். தாய்மொழியில் ஒன்றை விளக்க முடிந்தால்தான் அது அவனுக்கே புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம் அரசியல் சாசனத்தின் 12ஆம் பிரிவிலேயே, தெரிந்து கொடுத்த சம்மதம் இல்லாமல் யாரையும் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று எழுதியிருக்கிறது. தேசிய சுகாதாரச் சட்டம் அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. எந்த நாளும், காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக அரசு கிளினிக்கில் அவனுக்குக் கிடைக்கும் வைத்தியம் எதுவும் குறையக் கூடாது.

ஆய்வினால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் செலவை ஏற்க, நடத்தும் நிறுவனம் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இதில் பலர் குழம்புகிறார்கள். 2021-இல் அரசு அமைத்த இழப்பீட்டுத் திட்டம் பொதுமக்களுக்குப் போட்ட கோவிட் தடுப்பூசிகளுக்கானது. ஆய்வில் சேர்பவர் அதை நம்பிச் சேரக் கூடாது.

ஒன்று உங்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். சேர்க்கும் முன் எச்ஐவி சோதனையும் செய்வார்கள். அந்த முடிவு அவனுடையது. "என்ன வந்தது?" என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபத்து உண்டா?

உண்டு. இல்லை என்று சொல்பவரிடம் மகனை அனுப்பாதீர்கள். கை வலி, ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், அசதி எல்லாம் சாதாரணம். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இதயத் தசை அழற்சி அரிதாக வருகிறது. அதுவும் உங்கள் மகன் வயது ஆண்களுக்குத்தான், பெரும்பாலும் இரண்டாம் ஊசிக்குப் பின் ஒரு வாரத்துக்குள். பெரும்பாலானோர் குணமாகிவிடுகிறார்கள். ஆனாலும் நெஞ்சு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, படபடப்பு வந்தாலோ "காலையில் பார்க்கலாம்" என்று படுக்கக் கூடாது. இதுவரை யாருமே அறியாத ஒரு விளைவும் புதிய தடுப்பூசியில் வரலாம். ஆய்வு என்பதன் பொருளே அதுதான்.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2007-இல் பம்பிலி என்ற எச்ஐவி தடுப்பூசி ஆய்வு 801 பேரைச் சேர்த்த நிலையில் நிறுத்தப்பட்டது. அதே தடுப்பூசி வெளிநாட்டு ஆய்வில் பயன் தரவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். பின்னாளில் கணக்குப் பார்த்தபோது ஊசி போட்ட ஆண்களிடம் தொற்று கூடுதலாகவே இருந்தது. வலிக்கிற உண்மை. அந்தப் பாடத்தை மறக்காததால்தான், 2021 அக்டோபரில், அந்த எச்ஐவி தடுப்பூசியில் இருந்த அதே வகை அடினோவைரசை (சளி உண்டாக்கும் ஒரு வைரஸ்) கொண்ட ரஷ்யாவின் ஸ்புட்னிக் கோவிட் தடுப்பூசிக்கு சாப்ரா அனுமதி தரவில்லை. உங்கள் மகனுக்கு அழைப்பு வந்திருப்பது அந்த வகை அல்ல.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

சாப்ராவின் அனுமதியும், பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இருக்கின்றனவா? இரண்டின் எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடலாம்.

இது எத்தனையாவது கட்டம்? இதுவரை எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார்கள்? உலகிலேயே முதல் முப்பது பேரில் ஒருவனாக இருப்பதும், ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின் சேர்வதும் ஒன்றல்ல.

இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யாரை அழைப்பது? எண்ணை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டில் எது சேரும், எது சேராது? பதில் எழுத்தில் வேண்டும்.

தடுப்பூசி நன்றாக வேலை செய்தால், உப்பு நீர் விழுந்தவர்களுக்கு அது எப்போது கிடைக்கும்? நம் நாட்டுக்கு எப்போது கிடைக்கும்? 2021-க்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் பேசுங்கள். ஒவ்வொரு வருகைக்கும் வழிச்செலவுக்கும் நேரத்துக்கும் ஒரு தொகை தருவார்கள். அது சம்பளம் அல்ல. வேலை முடியப் போகிற நேரத்தில் அந்தத் தொகைதான் அவனை இழுக்கிறது என்றால், இந்த முறை வேண்டாம் என்பேன். காசுக்காகச் சேர்ந்தவர் காய்ச்சல் வந்ததை மறைப்பார், இன்னொரு ஆய்விலும் சேர்ந்திருப்பதை மறைப்பார், அது அவருக்கே ஆபத்து. ஆனால் "அப்பாவுக்கு அன்று ஒன்றுமில்லாமல் போனது" என்பதுதான் அவன் மனசில் ஓடுகிறது என்றால், உங்கள் கடிதத்தின் நடுவில் அவன் ஒருமுறை அப்படிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அவனை எலி என்று யாரும் சொல்லக் கூடாது. எலியிடம் யாரும் படிவம் நீட்டிச் சம்மதம் கேட்பதில்லை. ஆரோக்கியமான பையன், மூன்றாம் கட்ட ஆய்வு, மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரான பதில் என்றால், என் சொந்த மகனை நான் தடுக்க மாட்டேன். முதல் கட்டம் என்றால் இன்னும் ஒரு வாரம் யோசிக்கச் சொல்வேன். எப்படியானாலும் முடிவு அவனுடையது.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வர அவனுக்கு உரிமை உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின் இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகளோடு அவன் மையத்துக்குப் போகட்டும்.

அப்புறம், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் புட்டி. அதைக் குப்பையில் போடாதீர்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி, ஒரு பையில் போட்டு, பக்கத்து மருந்துக் கடையில் மருந்தாளுநர் கையில் கொடுங்கள். பழைய மருந்தை எப்படி அழிப்பது என்று அவருக்குத் தெரியும். யார் வாங்கியது, எதற்கு வாங்கியது என்று நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் போக மனசு வராவிட்டால் மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள்.